எது எத்தனை தடவை? ஆப்ஜெக்ட் லிஸ்ட்டில் எண்ணுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு லிஸ்ட் நிறைய ஆப்ஜெக்ட்டுகள் இருக்கின்றன, அவற்றில் எந்த மதிப்பு எத்தனை தடவை வந்திருக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். ப்ரோகிராமிங் கற்க ஆரம்பித்த முதல் மாதத்திலேயே வரும் வேலை இது, பல வருடம் வேலை பார்த்த பிறகும் வந்துகொண்டேதான் இருக்கும். எண்ணுகிற கோட் ஒரே வரி. எந்த இரண்டு மதிப்புகளை ‘ஒன்றுதான்’ என்று எடுத்துக்கொள்வது என்பதை முடிவு செய்யாமல் அந்த ஒரு வரியை எழுதிவிடுவதால்தான் கணக்கு தப்புகிறது. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

உதாரணத்துக்கு ஆன்லைன் கடை ஒன்றின் ஆர்டர் லிஸ்ட்டை வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆர்டரும் ஒரு ஆப்ஜெக்ட், அதில் நகரம், நிலை, தொகை, நேரம் என்று நான்கு ஃபீல்டுகள். முதலில் பைதான், மற்ற மொழிகள் பின்னால் வருகின்றன.

எந்த நகரத்துக்கு எத்தனை ஆர்டர் என்று தெரிய வேண்டும். நேரடியான வழி எது?

கலெக்ஷன்ஸ் மாட்யூலில் இருக்கும் கவுன்ட்டர். ஒவ்வொரு ஆர்டரிலிருந்தும் நகரத்தை மட்டும் எடுத்துக் கொடுக்கிற ஜெனரேட்டர் ஒன்றை அதன் அடைப்புக்குறிக்குள் போட்டால் போதும், நகரம் கீயாகவும் எண்ணிக்கை வேல்யூவாகவும் ஒரு டிக்ஷனரி வந்துவிடும். இது 2009-இல் பைதான் 3.1-இலும், 2010-இல் 2.7-இலும் சேர்க்கப்பட்டது, ஆக இன்று நீங்கள் கைவைக்கப்போகும் எந்த மெஷினிலும் இருக்கும். தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கவுன்ட்டருக்கு லிஸ்ட்டுக்குப் பதில் ஒரு ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் அது அந்த ஸ்ட்ரிங்கை எழுத்து எழுத்தாகப் பிரித்து எண்ணும். அப்டேட் மெத்தடும் அப்படித்தான்: ‘மதுரை’ என்ற பெயருக்கு ஒன்று கூட்டலாம் என்று நினைத்து அந்த ஸ்ட்ரிங்கை அப்டேட்டுக்குக் கொடுத்தால் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி எல்லாம் துண்டு துண்டாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், எரர் எதுவும் வராது. ஒரே ஒரு மதிப்பைக் கூட்ட அந்தக் கீயில் நேராக ஒன்றைக் கூட்டுங்கள்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

கவுன்ட்டர் இல்லாமல் நாமே எழுதினால் இப்படி வரும்:

எண்ணிக்கை = {}
ஆர்டர்கள் ஒவ்வொன்றுக்கும்:
    எண்ணிக்கை[ஆர்டர்.நகரம்] = எண்ணிக்கை.கெட்(ஆர்டர்.நகரம், 0) + 1

அவ்வளவுதான். காலி டிக்ஷனரி, ஒரு லூப், ஒரு கூட்டல். கெட்டுக்குக் கொடுத்த அந்த 0 முக்கியம்: நகரம் முதல் தடவையாக வரும்போது டிக்ஷனரியில் அதற்கு இடமே இருக்காது, அப்போது சுழியிலிருந்து தொடங்கச் சொல்கிறோம்.

டிக்ஷனரி ‘மதுரை’யை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று கேட்டால், அந்த மதிப்பிலிருந்து ஹாஷ் என்ற ஒரு எண்ணைக் கணக்கிடும், அந்த எண்ணை வைத்து மெமரியில் எந்த இடத்தில் தேடுவது என்று நேரே போகும், அங்கே இருக்கும் கீயும் கையில் இருக்கும் மதிப்பும் சமமா என்று ஒப்பிட்டுப் பார்க்கும். தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரிக்கிறவர் பின்கோடைப் பார்த்ததும் நேராக அந்த அறையில் போடுவதைப் போல. எல்லா அறைகளையும் வரிசையாகத் திறந்து பார்ப்பதில்லை. ஹாஷ், சமம் என்ற இந்த இரண்டு சோதனைகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் வினோதமான பிரச்சினைகள் எல்லாம் இவற்றில் ஒன்றிலிருந்துதான் கிளம்புகின்றன.

லிஸ்ட்டுக்கே கவுன்ட் என்று ஒரு மெத்தட் இருக்கிறதே, அதை ஏன் பயன்படுத்தக் கூடாது?

ஒரே ஒரு மதிப்பை ஒரே ஒரு தடவை எண்ண வேண்டுமென்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம், படிக்கவும் அழகாக இருக்கும். எல்லா மதிப்புகளுக்கும் அதையே லூப்பில் கூப்பிட்டால்தான் வினை. ஒவ்வொரு அழைப்பும் லிஸ்ட்டை முதலிலிருந்து கடைசி வரை நடந்து பார்க்கிறது. 1 லட்சம் ஆர்டர், 5,000 ஊர் என்றால் 50 கோடி ஒப்பீடு. ஊர்களைத் தனியாகப் பிரிக்காமல் ஆர்டருக்கு ஒரு தடவை கூப்பிட்டால் 1,000 கோடி. டிக்ஷனரி வழியில் 1 லட்சம் படிகளில் முடிகிற வேலை இது. இருபது ஆர்டரை வைத்துச் சோதிக்கும்போது இரண்டும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் என்பதால் நிறைய பேர் கவனிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள், டேட்டா பெருகிய ஒருநாள் ப்ரோகிராம் நின்றுவிட்டதோ என்று சந்தேகம் வரும்.

ஜாவாவில் கலெக்ஷன்ஸ் கிளாஸின் ஃப்ரீக்வென்சி மெத்தடுக்கும் இதே பதில்தான்.

கெட், டிஃபால்ட்டிக்ட், கவுன்ட்டர். எதை எடுப்பது?

எண்ண மட்டும்தான் வேண்டுமென்றால் கவுன்ட்டர். டிஃபால்ட்டிக்டும் நல்லதுதான், ஆனால் அதில் ஒரு குணம் உண்டு: இல்லாத கீயைப் படித்தாலே அதை உருவாக்கிவிடும். ‘திருச்சிக்கு எத்தனை?’ என்று சும்மா கேட்டுப் பார்த்தீர்கள் என்றால் 0 என்று பதிலும் வரும், திருச்சி என்ற கீயும் உள்ளே சேர்ந்துவிடும், அப்புறம் ‘மொத்தம் எத்தனை நகரங்கள்’ என்று நீளத்தைப் பார்த்தால் ஒன்று கூடுதலாக நிற்கும். கவுன்ட்டர் அப்படிச் செய்யாது, இல்லாத கீக்கு 0 சொல்லும், ஆனால் எதையும் சேர்க்காது. என் வரையில் கவுன்ட்டரை எடுக்க இந்த ஒரு காரணமே போதும். எண்ணிக்கையோடு அந்த ஆர்டர்களையே நகரவாரியாகச் சேர்த்து வைக்க வேண்டும் என்றால் மட்டும் லிஸ்ட்டை வைத்த டிஃபால்ட்டிக்ட் சரியான தேர்வு.

ஃபீல்டை விட்டுவிட்டு ஆப்ஜெக்ட்டையே எண்ணினேன். எல்லாவற்றுக்கும் 1 என்றே வருகிறது. ஏன்?

நீங்களே எழுதிய கிளாஸில் ‘சமம்’ என்றால் என்ன என்று சொல்லவில்லை, அதனால்தான். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பைதான் மெமரியில் ஒரே ஆப்ஜெக்ட்டா என்று மட்டும் பார்க்கும். நகரம், நிலை, தொகை எல்லாம் அச்சு அசலாக ஒன்றாக இருந்தாலும் இரண்டு தடவை உருவாக்கியிருந்தால் அவை இரண்டு வெவ்வேறு ஆப்ஜெக்ட். கவுன்ட்டர் சரியாகத்தான் எண்ணியிருக்கிறது, நாம் கேட்ட கேள்வி வேறு, அவ்வளவுதான்.

சரி, சமத்துவத்தைச் சொல்லும் ஈக்யூ மெத்தடை எழுதுகிறீர்கள். உடனே அடுத்த பிரச்சினை: இந்த ஆப்ஜெக்ட்டை ஹாஷ் செய்ய முடியாது என்று டைப் எரர் வரும். ஈக்யூவை எழுதிவிட்டு ஹாஷ் மெத்தடை எழுதாமல் விட்டால் பைதான் பழைய ஹாஷை நீக்கிவிடும். இது நல்லதுக்குத்தான். சமமான இரண்டு ஆப்ஜெக்ட்டுக்கும் ஒரே ஹாஷ் வர வேண்டும் என்பது விதி. பழைய ஹாஷ் அப்படியே இருந்தால் சமமானவை வெவ்வேறு இடத்தில் போய்ச் சேர்ந்து கணக்கு அமைதியாகத் தப்பியிருக்கும். எரர் வந்தது நம் அதிர்ஷ்டம்.

கையால் இரண்டையும் எழுதுவதைவிட டேட்டாகிளாஸாக அறிவித்து ஃப்ரோசன் என்பதை ட்ரூ ஆக்கிவிடுங்கள். ஈக்யூ, ஹாஷ் இரண்டும் எல்லா ஃபீல்டுகளையும் வைத்துத் தானாகவே கிடைக்கும், ஆப்ஜெக்ட்டை உருவாக்கிய பிறகு ஃபீல்டை மாற்றவும் முடியாது. அந்த மாற்ற முடியாத தன்மைதான் இங்கே உயிர்நாடி. கீயாக உள்ளே போன ஆப்ஜெக்ட்டின் நகரத்தைப் பிறகு மாற்றினால் அதன் ஹாஷ் மாறும், ஆனால் அது உட்கார்ந்திருக்கும் இடம் மாறாது. அதே ஆப்ஜெக்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தேடினாலும் ‘இல்லை’ என்று பதில் வரும், லூப் போட்டுப் பார்த்தால் இருக்கும்.

ஜாவாவிலும் ஈக்வல்ஸ், ஹாஷ்கோட் என்று இதே ஜோடிதான். ஜாவா 16 முதல் ரெக்கார்டு நிலையான வசதியாகிவிட்டது, அது இரண்டையும் தானே தருகிறது.

‘அன்ஹேஷபிள் டைப்: லிஸ்ட்’ என்று எரர் வருகிறது.

எண்ண வேண்டிய மதிப்பே ஒரு லிஸ்ட் என்றால் இது வரும். ட்யூப்பிளாக, அதாவது மாற்ற முடியாத லிஸ்ட்டாக, ஆக்கிக் கொடுத்தால் போய்விடும். ஆனால் மாற்றும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். ஒரு ஆர்டரில் ‘பேனா, நோட்டு’, இன்னொன்றில் ‘நோட்டு, பேனா’. இவை இரண்டும் ஒன்றா? வரிசை முக்கியம் என்றால் வெறும் ட்யூப்பிள். வரிசை வேண்டாம் என்றால் அடுக்கிவிட்டு ட்யூப்பிளாக்குங்கள். வரிசையும் வேண்டாம், ஒரு பொருள் இரண்டு தடவை வந்தாலும் ஒன்றுதான் என்றால் ஃப்ரோசன்செட். மூன்றும் ஓடும், மூன்றும் வேறு வேறு எண்களைத் தரும், எது சரி என்பது உங்கள் கடையைப் பொறுத்தது.

இரண்டு ஃபீல்டுகளைச் சேர்த்து எண்ணலாமா?

நகரத்தையும் நிலையையும் ஒரு ட்யூப்பிளாகக் கட்டி அதையே கீயாக்குங்கள். இரண்டு ஸ்ட்ரிங்கையும் நடுவில் கோடு போட்டு ஒட்டி ஒரே ஸ்ட்ரிங்காக்கும் பழக்கம் வேண்டாம், அந்தக் கோடே ஏதாவது ஒரு பெயருக்குள் வந்தால் இரண்டு வெவ்வேறு ஜோடிகள் ஒன்றாகிவிடும்.

ஒரே ஊர் நான்கு வரிகளில் வருகிறது. எப்படிச் சேர்ப்பது?

முதலில் மெஷினே சரிசெய்யக்கூடியவை: முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் இடைவெளி, ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம், நடுவில் இரட்டை இடைவெளி. ஸ்ட்ரிப், கேஸ்ஃபோல்டு போட்டால் முதல் இரண்டும் ஒழியும், நடு இடைவெளிக்கு ஸ்ப்ளிட் போட்டு ஒற்றை இடைவெளியால் ஜாயின் செய்ய வேண்டும். இதை எண்ணும் இடத்தில் செய்யாமல் டேட்டா உள்ளே வரும் இடத்திலேயே செய்துவிட்டால் பிறகு எழுதும் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் திரும்பச் செய்ய வேண்டியதில்லை.

மெஷினால் முடியாதது இன்னொரு வகை. கோவை, கோயம்புத்தூர். திருச்சி, திருச்சிராப்பள்ளி. நெல்லை, திருநெல்வேலி. இவை ஒன்றென்று நமக்குத் தெரியும், எந்த ஹாஷுக்கும் தெரியாது. இதற்கு ஒரு மாற்றுப்பெயர் டிக்ஷனரி எழுதித்தான் ஆக வேண்டும். எழுத்து ஒற்றுமையை வைத்துத் தானாகச் சேர்க்கலாமே என்று தோன்றும். திருவள்ளூர், திருவாரூர் இரண்டும் வேறு மாவட்டங்கள், எழுத்தில் நெருக்கமானவை. தானாகச் சேர்க்கும் கருவி பரிந்துரை செய்யட்டும், சேர்ப்பதா வேண்டாமா என்பதை ஆள் பார்த்து முடிவு செய்யட்டும்.

தேதியிலும் இதே சிக்கல் உண்டு. நாள்வாரியாக எண்ண நினைத்து முழு நேரத்தையும் கீயாகக் கொடுத்தால் விநாடி வித்தியாசத்தில் எல்லாமே 1, 1 என்று வரும், தேதியை மட்டும் எடுக்க வேண்டும். சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் சேமித்திருந்தால் இந்திய நேரத்துக்கு மாற்றிய பிறகு எடுங்கள். இல்லாவிட்டால் நம் நேரப்படி காலை 5:30 மணிக்கு முன் வந்த ஆர்டர் எல்லாம் முந்தைய நாள் கணக்கில் போய்ச் சேரும்.

தமிழ் எழுத்துகளை எண்ணினால் எண்ணிக்கை சரியாக வருவதில்லையே?

‘தமிழ்’ என்ற சொல்லைக் கவுன்ட்டரிடம் கொடுங்கள். மூன்று எழுத்துக்குப் பதில் ஐந்து உருப்படி வரும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூனிகோடு உயிர்மெய்யை ஒரே குறியீடாக வைக்கவில்லை. அகரமேறிய மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனிக் குறியீடாக வைத்திருக்கிறது, பைதான் ஸ்ட்ரிங் அந்தக் குறியீடுகளைத்தான் ஒவ்வொன்றாக நீட்டுகிறது. ஒரு முழுக் கட்டுரையைக் கொடுத்தால் புள்ளிதான் பட்டியலின் மேலே வந்து நிற்கும். தமிழில் அதிகம் வரும் ‘எழுத்து’ புள்ளி என்று யாரும் ஏற்கமாட்டார்கள்.

இதற்கு ஸ்ட்ரிங்கை முதலில் எழுத்துகளாகப் பிரிக்க வேண்டும். பைதானோடு வரும் ஆர்இ மாட்யூலில் அதற்கு வசதி இல்லை, தனியாக இன்ஸ்டால் செய்யும் ரெஜெக்ஸ் என்ற பேக்கேஜில் பின்சாய்வுக் கோட்டோடு பெரிய எக்ஸ் போட்டால் குறியும் எழுத்தும் சேர்ந்த முழுத் துண்டுகளாகக் கிடைக்கும். ஓப்பன்-தமிழ் என்ற திறமூல நூலகத்தில் தமிழுக்கென்றே எழுத்து பிரிக்கும் ஃபங்ஷன் இருக்கிறது. க்ஷ பற்றி நீங்களே முடிவெடுக்க வேண்டும். பொதுவான யூனிகோடு விதிப்படி அது க், ஷ என்று இரண்டாகப் பிரியும், ஒரே எழுத்தாக எண்ண வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது, கண்ணுக்கே தெரியாது. ‘கொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஒகரக் குறி என்று இரண்டு குறியீடாக, அல்லது க, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று குறியீடாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒப்பிட்டால் சமம் இல்லை என்று வரும். ஆக ‘கொடைக்கானல்’ என்ற ஒரே பெயர் ரிப்போர்ட்டில் இரண்டு வரிகளில், ஒன்றில் 40, இன்னொன்றில் 12 என்று நிற்கும், எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஓகாரம், ஔகாரம் ஏறிய எழுத்துகளுக்கும் இப்படியே. யூனிகோடுடேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷனை என்எஃப்சி என்று சொல்லிக் கூப்பிட்டால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். தமிழ் டேட்டாவோடு வேலை செய்கிற எவரும் இந்த ஒரு அழைப்பை டேட்டா உள்ளே நுழையும் வாசலிலேயே கட்டாயம் வைக்க வேண்டும், இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வேன்.

அதற்கும் பிடிபடாத ஒன்று: ‘கௌ’ எழுத ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ள என்ற எழுத்தும் அடித்தவை. யூனிகோடைப் பொறுத்தவரை அது ‘கெ’, அப்புறம் ‘ள’, நிஜமாகவே வேறு சொல். ‘கௌசல்யா’ இரண்டு தடவை வந்தால் அங்கே பாருங்கள்.

1, 1.0, ட்ரூ மூன்றையும் ஒன்றாகக் கூட்டிவிட்டது. இது பிழையா?

பிழை இல்லை. பைதானில் இம்மூன்றும் சமம், ஹாஷும் ஒன்று. முதலில் எது வந்ததோ அதன் பெயரில் மூன்றும் சேரும். ஸ்ட்ரிங்காக இருக்கும் ‘1’ மட்டும் தனியாக நிற்கும். சிஎஸ்வி ஃபைலிலிருந்து வந்த எண்கள் இரண்டாகப் பிரிந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

இதற்கு நேரெதிர் ‘நான்’ (NaN) என்ற ‘எண் அல்ல’ மதிப்பு. அது தனக்கே சமம் இல்லை. தனித்தனியாக உருவான பத்து நான்கள் கவுன்ட்டரில் பத்து வரிகளாக வரலாம். பாண்டாஸ் என்ற பைதான் டேட்டா நூலகத்தில் வேல்யூ கவுன்ட்ஸ் கூப்பிட்டால் விடுபட்ட மதிப்புகளைச் சொல்லாமலேயே விட்டுவிடும், அவையும் வேண்டுமென்றால் ட்ராப்என்ஏ என்பதை ஃபால்ஸ் ஆக்க வேண்டும். ‘நகரம் பதிவாகவில்லை’ என்பதும் ஒரு தகவல்தான், அதை மறைத்துவிட்டு ரிப்போர்ட் கொடுப்பது சரியல்ல.

தசம எண்களை அப்படியே கீயாக்காதீர்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் வருவது 0.3-க்குச் சமம் இல்லை. பணமாக இருந்தால் பைசாவாக மாற்றி முழு எண்ணாக வையுங்கள், அல்லது 500 ரூபாய்க்கு ஒரு பிரிவு என்று வகுத்து அந்தப் பிரிவை எண்ணுங்கள்.

அதிகம் ஆர்டர் வந்த பத்து நகரங்கள் மட்டும் வேண்டும்.

மோஸ்ட் காமன் மெத்தடுக்கு 10 என்று கொடுங்கள். எண்ணிக்கை சமமாக இருந்தால் டேட்டாவில் முதலில் வந்தது முன்னால் வரும், பைதான் 3.7 முதல் இது உறுதி. அதாவது பத்தாவது இடத்தில் மூன்று ஊர்கள் சமமாக இருந்தால், எந்த ஊர் பட்டியலில் வருகிறது என்பது ஃபைலின் வரிசையைப் பொறுத்தது. பரிசு, ஒதுக்கீடு மாதிரி விஷயத்துக்கு இந்தப் பட்டியலைப் பயன்படுத்தினால் அது நியாயமே இல்லை. பத்தாவது ஊரின் எண்ணிக்கையைப் பார்த்து, அதற்குச் சமமான எல்லா ஊர்களையும் சேர்த்துக் காட்டுங்கள்.

போன மாதக் கணக்கிலிருந்து இந்த மாதத்தைக் கழிக்கலாமா?

கழிக்கலாம், ஆனால் இரண்டு வழி இருக்கிறது, இரண்டும் ஒன்றல்ல. கழித்தல் குறி போட்டால் சுழியும் அதற்குக் கீழே போனவையும் விடையிலிருந்து காணாமல் போகும். சப்ட்ராக்ட் மெத்தட் எதிர்மறை எண்களையும் வைத்திருக்கும். எந்த ஊரில் விற்பனை ஏறியது, எங்கே இறங்கியது என்று இரண்டும் தெரிய வேண்டுமென்றால் சப்ட்ராக்ட்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் வெற்று ஆப்ஜெக்ட்டை வைத்து எண்ணுகிறேன். சில சொற்களுக்கு விசித்திரமான விடை வருகிறது.

அந்தச் சொல் கன்ஸ்ட்ரக்டராக இருக்கும் என்று பந்தயம் கட்டலாம். நடப்பது இதுதான். காலி என்று நீங்கள் நினைக்கும் ஆப்ஜெக்ட்டுக்குப் பின்னால் ஒரு ப்ரோட்டோடைப் இருக்கிறது, அதில் கன்ஸ்ட்ரக்டர், டூஸ்ட்ரிங், வேல்யூஆஃப் போன்ற பெயர்கள் ஏற்கெனவே உள்ளன. ‘இருந்தால் எடு, இல்லையென்றால் 0, அதோடு 1 கூட்டு’ என்ற வழக்கமான வரி கன்ஸ்ட்ரக்டர் என்ற சொல்லுக்கு வரும்போது அங்கே 0-க்குப் பதில் ஒரு ஃபங்ஷன் கிடைக்கும், ஃபங்ஷனோடு 1-ஐக் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் ஸ்ட்ரிங்காக்கி ஒட்டிவிடும். விடையாக அந்த ஃபங்ஷனின் உரையும் அதன் வாலில் ஒரு 1-ம். அடுத்த தடவை இன்னொரு 1 ஒட்டும். ஆங்கில உரைகளில் சொற்களை எண்ணுபவர்கள் பலர் இதில் இடறியிருக்கிறார்கள்.

மேப் பயன்படுத்துங்கள், முடிந்தது. வெற்று ஆப்ஜெக்ட்டில் எல்லா கீயும் ஸ்ட்ரிங்காகிவிடும், அதனால் ஆப்ஜெக்ட்டைக் கீயாகக் கொடுத்தால் எல்லாமே ஒரே கீயில் போய்க் குவியும். பின்கோடு மாதிரி எண் கீகள் வந்த வரிசையை விட்டு ஏறுவரிசைக்கு மாறும். மேப்பில் இவை எதுவும் இல்லை, ‘நான்’ (NaN) மதிப்பும் ஒரே கீயாகச் சேரும். ஆனால் மேப்பிலும் ஆப்ஜெக்ட், அர்ரே கீகள் அடையாளத்தை வைத்துத்தான் ஒப்பிடப்படும், உள்ளடக்கத்தை வைத்து இல்லை. அங்கே ஃபீல்டை எடுத்துத்தான் கீயாக்க வேண்டும்.

ஜாவாவில்?

ஜாவா 8 வந்ததிலிருந்து இரண்டு நல்ல வழிகள். லூப்பில் என்றால் மேப்பின் மெர்ஜ் மெத்தடுக்குக் கீ, 1, கூட்டும் ஃபங்ஷன் மூன்றையும் கொடுப்பது. ஸ்ட்ரீமில் என்றால் க்ரூப்பிங் பை, உள்ளே கவுன்ட்டிங். இரண்டாவதில் விடை லாங் வகையில் வரும், இன்டிஜரோடு ஈக்வல்ஸ் வைத்து ஒப்பிட்டால் 5-ம் 5-ம் சமமில்லை என்று சொல்லும். நகரம் ‘நல்’ (null, மதிப்பே இல்லை) ஆக இருக்கும் ஒரே ஒரு ஆர்டர் போதும், க்ரூப்பிங் பை எக்ஸெப்ஷன் போட்டு நின்றுவிடும். முன்கூட்டியே ‘பதிவில்லை’ என்று ஒரு பெயர் வைத்து மாற்றிவிடுங்கள்.

மற்ற மொழிகள்?

ரூபி 2.7 முதல் டாலி என்று ஒரே சொல். கோ மொழியில் மேப்பில் இல்லாத கீக்கு 0 கிடைப்பதால் நேரே ஒன்றைக் கூட்டலாம், சி++-இன் மேப்பும் அப்படியே. டாட்நெட் 9-இல் கவுன்ட் பை வந்திருக்கிறது. பிஎச்பியின் அர்ரே கவுன்ட் வேல்யூஸ் ஸ்ட்ரிங்கையும் முழு எண்ணையும் மட்டுமே எண்ணும்.

டேட்டா எல்லாம் டேட்டாபேஸில் இருக்கிறது. எடுத்துவந்து எண்ணலாமா?

வேண்டாம், அங்கேயே எண்ணுங்கள். க்ரூப் பை நகரம், கவுன்ட் நட்சத்திரம். லட்சக்கணக்கான வரிகளை நெட்வொர்க்கில் இழுத்துவந்து நூறு வரி விடை தயாரிப்பது வீண் வேலை. நட்சத்திரம் போட்ட கவுன்ட் எல்லா வரிகளையும் எண்ணும். அடைப்புக்குறிக்குள் நெடுவரிசையின் பெயரைக் கொடுத்தால் நல் இருக்கும் வரிகளை விட்டுவிடும். நகரவாரி ரிப்போர்ட்டில் அந்த நகர நெடுவரிசையையே எண்ணினால் நல் பிரிவுக்கு எதிரில் 0 என்று வரும், ஆனால் வரிகள் இருக்கும்.

பைதானின் ஐட்டர்டூல்ஸ் மாட்யூலில் க்ரூப்பை இருக்கிறதே?

பெயர் டேட்டாபேஸ் க்ரூப் பையை நினைவுபடுத்தும், வேலை வேறு. அது அடுத்தடுத்து ஒட்டி வரும் சம மதிப்புகளை மட்டுமே சேர்க்கும். மதுரை, சேலம், மதுரை என்று வந்தால் மூன்று குழு. லினக்ஸ் டெர்மினலில் யூனிக் கமாண்டும் இதே குணம்தான், அதனால்தான் அதற்கு முன்னால் சார்ட் போடுகிறோம்.

மெமரி தாங்காத அளவு டேட்டா வந்தால்?

முதலில், நிஜமாகவே தாங்காதா என்று பாருங்கள். மெமரியில் நிற்பது வெவ்வேறு மதிப்புகளின் எண்ணிக்கைதான், மொத்த வரிகள் அல்ல. நூறு கோடி வரிகள் இருந்தாலும் நகரம் ஐயாயிரம்தான் என்றால் கவுன்ட்டர் சின்னதாகவே இருக்கும். ஃபைலை லிஸ்ட்டாக ஏற்றாமல் வரி வரியாகப் படித்தால் போதும். பல ஃபைல்களைப் பல மெஷின்களில் தனித்தனியாக எண்ணிக் கடைசியில் கவுன்ட்டர்களைக் கூட்டினாலும் விடை மாறாது, எந்த வரிசையில் கூட்டினாலும் சரி.

வெவ்வேறு மதிப்புகளே கோடிக்கணக்கில் என்றால், உதாரணத்துக்கு ஐபி முகவரிகள், துல்லியத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். ஜெயதேவ் மிஸ்ராவும் டேவிட் க்ரீஸும் 1982-இல் வெளியிட்ட முறை எனக்கு மிகவும் பிடித்தது, இவ்வளவு எளிமையாக இருக்க முடியுமா என்று வியக்க வைக்கும். ஒன்பது இடங்கள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வரும் மதிப்பு ஏற்கெனவே இருந்தால் அதில் ஒன்று கூட்டு. இல்லை, காலி இடம் இருக்கிறது என்றால் 1 போட்டு உட்கார வை. அதுவும் இல்லையென்றால் ஒன்பதிலும் ஒன்றொன்று குறை, சுழியானவற்றை எடுத்துவிடு. கடைசியில், மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வந்த எந்த மதிப்பும் அந்த ஒன்பது இடங்களுக்குள் கட்டாயம் இருக்கும். ஏன்? ஒவ்வொரு குறைப்பும் ஒன்பது இடங்களிலிருந்து ஒன்பதையும் புதிதாக வந்த ஒன்றையும் சேர்த்துப் பத்து வரவுகளை ரத்து செய்கிறது, ஆக மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைப்பு நடக்கவே முடியாது, அதற்கு மேல் வந்த மதிப்பு முழுதாக அழிய வழியில்லை. இடத்தில் நிற்கும் எண் உண்மையைவிடக் குறைவாக இருக்கலாம், டேட்டாவை இரண்டாம் தடவை ஓட்டி அந்த ஒன்பதை மட்டும் சரியாக எண்ணிக்கொள்ளலாம்.

எந்த மதிப்பைக் கேட்டாலும் தோராயமாகச் சொல்ல வேண்டும் என்றால் கவுன்ட்-மின் ஸ்கெட்ச், 2005-இல் கார்மோடும் முத்துகிருஷ்ணனும் வெளியிட்டது. அது கூடுதலாகச் சொல்லலாம், குறைத்துச் சொல்லவே சொல்லாது.

எண்ணியது சரிதானா என்று எப்படி உறுதி செய்வது?

எல்லா எண்ணிக்கைகளையும் கூட்டுங்கள், லிஸ்ட்டின் நீளத்துக்குச் சமமாக வர வேண்டும். பைதான் 3.10 முதல் கவுன்ட்டருக்கே டோட்டல் மெத்தட் இருக்கிறது, அதற்கு முன் என்றால் வேல்யூக்களைச் சம் செய்யுங்கள். குறைந்தால் எங்கோ ஒரு ஃபில்ட்டரோ விடுபட்ட மதிப்போ வரிகளை விழுங்கியிருக்கிறது. அடுத்து, ஒரே ஒரு தடவை மட்டும் வந்த கீகளைத் தனியாக அச்சிட்டு வாசியுங்கள். எழுத்துப்பிழை, ஒட்டிய இடைவெளி, இரண்டு விதக் ‘கொ’ எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். கடைசியாக, வரவே வராத மதிப்புகள். ‘ரத்து’ என்ற நிலை இந்த வாரம் ஒரு ஆர்டருக்கும் இல்லையென்றால் கவுன்ட்டரில் அந்த வரியே இருக்காது, ரிப்போர்ட் பார்ப்பவருக்கு ரத்து 0-வா, இல்லை எண்ணவே இல்லையா என்று தெரியாது. எல்லா நிலைகளின் பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் கவுன்ட்டரிடம் கேட்டு அச்சிடுங்கள், இல்லாததற்கு அது 0 தரும்.